கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) பனி பிடித்துத் தீ அடங்குகிறது, உள்ளே இன்னும் ஏதோ தளும்புகிறது: தண்ணீர் கலக்கிறார்களா?

அடுப்படி_சுங்கைசிப்புட் எழுதியது:

வணக்கம். எனக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது, கல்யாணம், கோயில் திருவிழா என்றால் வெளியில் போயும் சமைத்துக் கொடுப்பேன். போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்னதானம், 400 பேருக்குச் சமையல். விடியற்காலை 3 மணிக்கு இரண்டு பெரிய அடுப்பையும் பற்ற வைத்தோம். இரண்டுக்கும் ஒரே தோங்தான், 14 கிலோ, முதல் நாள் சாயங்காலம் இறக்கிய புதுத் தோங். ஒன்றில் சோற்றுக்கு உலை, இன்னொன்றில் சாம்பார்.

கொஞ்ச நேரத்தில் தோங் வியர்க்க ஆரம்பித்தது. அந்த ஈரம் வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடியது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்துப் பழகியதுதான். ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் தோங்கின் கீழ்ப்பாதி வெளுத்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் ஐஸ்பெட்டிக்குள் பிடிக்கிற மாதிரிப் பனி, நகத்தால் கீறினால் தூளாக உதிர்கிறது. நம் ஊர்ச் சூட்டில், அதுவும் இரண்டு அடுப்பு எரிகிற கொட்டகைக்குள் ஐஸ்! அதே நேரத்தில் தீயும் சுருங்கிக்கொண்டே போய் சாம்பார் கொதி அடங்கிவிட்டது. தோங்கைத் தூக்கினால் நல்ல கனம், ஆட்டினால் உள்ளே தளக் தளக் என்று சத்தம்.

கூட நின்றவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள், "கேஸ் முடிஞ்சிருச்சு, மிச்சம் இருக்கிறது தண்ணி, லாரிக்காரன் கலந்துட்டான்" என்று. எனக்கும் வந்த கோபத்தில் அந்த நேரத்திலேயே கேஸ் போடுகிற தம்பிக்குப் போன் போட்டுக் கண்டபடி திட்டிவிட்டேன். அவன் அம்மன் மேல் சத்தியம் செய்தான். வேறு தோங் வாங்கி மாட்டிச் சமையலை முடித்தோம்.

இனிமேல்தான் என் கேள்வி. அந்த "முடிந்துபோன" தோங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் ஓரமாகப் போட்டிருந்தேன். மூன்று நாள் கழித்து வீட்டுத் தோங் தீர்ந்துவிட்டது என்று என் மனைவி அதை எடுத்து மாட்டியிருக்கிறாள். நன்றாக எரிகிறது, நீலத் தீ, இன்றைக்கு வரைக்கும் அதில்தான் சமையல். தண்ணீர் எரியாதே. அப்படியென்றால் அன்றைக்கு உள்ளே தளும்பியது என்ன? எரியாமல் நின்றது ஏன்? பனி எங்கிருந்து வந்தது? அடுத்த மாதம் இன்னொரு கோயிலில் 600 பேருக்குச் சமையல் ஒத்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் தெரிந்தாக வேண்டும். அந்தத் தம்பியைச் சும்மா திட்டிவிட்டேனோ என்று மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதுவும் ஒரு காரணம்.

லயத்துப்_பிள்ளை எழுதியது:

அண்ணே, எங்கள் தோட்டத்திலும் இதே கதைதான். தாத்தா காலத்திலிருந்தே "அடியில் இருக்கிறது தண்ணி" என்றுதான் சொல்வார்கள். தீ குறைந்தால் எங்கள் வீட்டில் தோங்கைப் படுக்க வைப்போம், சில நேரம் கவிழ்த்தும் வைப்போம், மிச்சம் உள்ளதும் வந்துவிடும். நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாமே.

ஏர்கோன்_ஈப்போ எழுதியது:

லயத்துப் பிள்ளை, தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன். முதலில் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். நான் 20 வருஷமாக ஏர்கோன், ஐஸ்பெட்டி ரிப்பேர் செய்கிறவன், நீங்கள் கோயில் கொட்டகையில் பார்த்தது என் தினசரிப் பிழைப்பு.

அண்ணே, தோங்குக்குள் தளும்பியது தண்ணீர் இல்லை, அதுதான் கேஸ். புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு சரக்கு கலந்து, அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. வெளியே திறந்து வைத்தால் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. நம் ஊர் 30 டிகிரியில் இரண்டுமே எப்போதோ ஆவியாகியிருக்க வேண்டியவை. இரும்புச் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் மேலே சேர்ந்த ஆவியே கீழே உள்ள திரவத்தை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. தோங்கை முழுக்க நிரப்பவும் மாட்டார்கள், சூட்டில் விரிவதற்கு 15, 20 சதவீதம் இடம் விட்டுத்தான் அடைப்பார்கள். அதனால்தான் புதுத் தோங்கை ஆட்டினாலும் தளும்பும், ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

நீங்கள் வால்வைத் திறந்ததும் மேலே உள்ள ஆவி அடுப்புக்குப் போகிறது, உள்ளே அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. உடனே திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. ஆமாம், கொதிக்கிறதுதான், சட்டியில் தண்ணீர் கொதிப்பது போலவே, ஆனால் தீ இல்லாமல். கொதிப்பதற்குச் சூடு வேண்டும், தோங்குக்கு அடியில் யாரும் தீ வைக்கவில்லை, அப்புறம் எங்கிருந்து எடுக்கும்? தன்னிடமிருந்தேதான் எடுக்கிறது, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்பிடமிருந்து எடுக்கிறது. அதனால் இரண்டும் குளிர்ந்துபோகின்றன.

ஒரு கிலோ திரவ கேஸ் ஆவியாக ஏறக்குறைய 370 கிலோஜூல் சூடு வேண்டும். உங்கள் இரண்டு அடுப்பும் சேர்ந்து மணிக்கு 3 கிலோ எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 1,100 கிலோஜூல் ஆகிறது. 3 கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கக்கூடிய சூடு அது. தோங்குக்குள் மணிக்கு 3 கிலோ ஐஸைக் கொட்டிக்கொண்டே இருந்தால் எவ்வளவு குளிருமோ அவ்வளவு குளிர்கிறது. வீட்டு அடுப்பு மணிக்கு 200 கிராம் அளவில்தான் எரிக்கும், அதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றியுள்ள காற்றே கொடுத்துவிடும், நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் அடுப்பு கேட்கிற வேகத்துக்குக் காற்று ஈடுகொடுக்க முடியவில்லை.

தீ ஏன் சுருங்கியது என்று பார்ப்போம். 30 டிகிரியில் பியூட்டேன் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் இருக்கும், தள்ளிக்கொண்டு வரும். பூஜ்யத்துக்கு இறங்கினால் வெளிக்காற்றும் அதுவும் சரிக்குச் சரி, வெளியே தள்ள வலு இல்லை. கலவையில் புரொப்பேன் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு, அது முந்திக்கொண்டு ஓடிவிடும், நேரம் ஆக ஆக உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஆக, சரக்கு இருக்கிறது, வெளியே வரத்தான் தெம்பில்லை. மூன்று நாள் ஓரமாகக் கிடந்ததில் அது மறுபடியும் 30 டிகிரிக்கு வந்துவிட்டது, அக்கா மாட்டினதும் எரிந்தது. அந்தத் தம்பி மேல் தப்பு இல்லை அண்ணே.

இப்போது கவிழ்க்கிற விஷயம். தோங் நின்றால் மேலே உள்ள ஆவிதான் குழாய்க்குப் போகும். கவிழ்த்தால் திரவமே போய்விடும். திரவம் ஆவியானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும், அது அடுப்பு வாயில் வந்து விரிந்தால் தீ எவ்வளவு உயரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானதும்கூட, கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து லோங்காங்கில் (சாக்கடையில்) போய்த் தேங்கும். பத்தடி தள்ளி ஒருவர் பீடி பற்ற வைத்தால் போதும்.

அடுப்படி_சுங்கைசிப்புட் எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி. தீ இல்லாமல் கொதிக்கிறது என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். அப்படியென்றால் தோங்கின் மேலே வழிந்த தண்ணீர்? அது உள்ளே இருந்து கசிந்தது இல்லைதானே? ஒரு பெரியவர் துணியால் துடைத்து மோந்துகூடப் பார்த்தார்.

ஏர்கோன்_ஈப்போ எழுதியது:

கசிவே இல்லை அண்ணே, அது காற்றில் இருந்த ஈரம். கடையில் ஐஸ் போட்ட சிராப் கிளாஸ் வெளியில் வியர்க்கிற மாதிரிதான். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம், சுவர் 24, 25 டிகிரிக்கு இறங்கினாலே வியர்த்துவிடும்.

ஆனால் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. இரும்புக்கு உள்பக்கம் திரவம் ஆவியாகிறது, சூட்டை இழுக்கிறது. வெளிப்பக்கம் காற்றில் உள்ள நீராவி தண்ணீராகிறது, சூட்டைக் கொடுக்கிறது. அரை விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தகடு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு நேரெதிர் வேலை. ஒரு கிலோ வியர்வை அந்தத் தகட்டில் படிந்தால் 2,400 கிலோஜூலுக்கு மேல் தகட்டுக்குப் போகும், ஆறு கிலோ கேஸை ஆவியாக்கப் போதுமான சூடு. வியர்வை தோங்குக்கு உதவிதான் செய்கிறது. பனியாகப் படிந்து தடித்துவிட்டால்தான் அது போர்வை மாதிரி மூடிக்கொண்டு, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும்.

ஐஸ்பெட்டியும் இதேதான். உள்ளே ஒரு குழாயில் திரவம் கொதித்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை எடுத்துக்கொள்கிறது, கம்பிரஸர் அந்த ஆவியை அழுக்கிப் பின்பக்கக் குழாய்க்கு அனுப்ப, அங்கே திரவமாகும்போது எடுத்த சூட்டையெல்லாம் வெளியே விடுகிறது. பெட்டியின் பின்பக்கமோ விலாவோ சுடுவது அதனால்தான். இப்போது வருகிற பல வீட்டு ஐஸ்பெட்டிகளில் ஆர்600ஏ என்று ஒரு கேஸ் போடுகிறார்கள், அது ஐசோபியூட்டேன், உங்கள் தோங்கில் இருக்கிற பியூட்டேனின் கூடப்பிறந்தது. உங்கள் தோங் அன்றைக்கு விடியற்காலை அரைகுறை ஐஸ்பெட்டியாக வேலை செய்திருக்கிறது.

அறிவியல்_டீச்சர் எழுதியது:

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். திடம், திரவம், வாயு என்று மூன்று பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டு உருகுதல், உறைதல், கொதித்தல் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த அம்புக்குறிக்குள்ளே எவ்வளவு சூடு ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிய வைப்பதுதான் பெரிய பாடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உலைச் சட்டியில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே வரும், 100-ஐத் தொட்டதும் நின்றுவிடும். தீ அதேபோல் எரிகிறது, சட்டி அதேபோல் குடிக்கிறது, ஆனால் வெப்பமானி அசைவதில்லை. பிள்ளைகள் "டீச்சர், வெப்பமானி கெட்டுப்போச்சு" என்பார்கள். கெட்டுப்போகவில்லை. தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருக்கின்றன, அந்தப் பிடியை அறுக்கத்தான் மொத்தச் சூடும் செலவாகிறது, துகள்களை இன்னும் வேகமாக ஓட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. வேகம் கூடினால்தான் வெப்பமானி ஏறும். ஒரு கிலோ தண்ணீரை 30-இலிருந்து 100-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல், அதே ஒரு கிலோவை முழுக்க ஆவியாக்க 2,257. அதாவது கொதி வர 10 நிமிடம் பிடித்தால், அதே தீயில் சட்டி வற்றிப்போக இன்னும் 75 நிமிடத்துக்கு மேல் ஆகும். சமைக்கிறவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும், கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சோறு சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள், கேஸும் மிஞ்சும், தோங்கும் அவ்வளவு குளிராது.

இந்த ஒளிந்திருக்கிற சூட்டை 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்பவர் அளந்து காட்டினார். அதற்கு முன்பு, ஐஸை உருகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் இன்னும் துளி சூட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீராகிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி இருந்தால் பாசாரில் மீன்காரர் கொட்டி வைக்கிற ஐஸ் காலை 9 மணிக்கே வெள்ளமாகியிருக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் தேவை, அதைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மதியம் வரை தாக்குப்பிடிக்கிறது. நம் மறை வெப்பம் என்ற சொல்கூட அதைத்தான் சொல்கிறது.

கொதிநிலை என்பது ஓர் எண் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தண்ணீர் 100-இல் கொதிக்கும் என்றால், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேமரன் மலையில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் எடுக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்குகிறது, கூடினால் ஏறுகிறது. தோங்குக்குள் பியூட்டேன் 30 டிகிரியில் கொதிக்காமல் அடங்கிக் கிடப்பதும் வால்வைத் திறந்ததும் கொதிப்பதும் அதே விதிதான்.

அப்புறம் அந்தப் பனி. நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வழிந்த வியர்வை உறைந்திருந்தால் கண்ணாடி மாதிரி கெட்டியாக ஒட்டியிருக்கும். தூளாக உதிர்ந்ததால், மேலே படிந்தது காற்றில் இருந்த நீராவி திரவமாகாமல் நேராகவே திடமாகிப் படிந்தது. இதன் தலைகீழ் நம் சாமி அறையில் தினமும் நடக்கிறது. சூடம் வாங்கி டப்பாவை மூடாமல் வைத்தால் மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகும், ஆனால் டப்பாவில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அது உருகவே 170 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்குப் பொறுமையில்லாமல் நேராக ஆவியாகிறது. பழைய சூடப் பொட்டலத்தின் பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்பக்கம் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னும், ஆவியான சூடம் மறுபடி நேராகத் திடமாகி ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு பொட்டலத்தை வகுப்பில் கைமாற்றிக் காட்டினால் அன்றைக்குப் பதங்கமாதல் என்ற சொல்லை யாரும் மறப்பதில்லை.

பாய்லர்_பழனி எழுதியது:

நான் செம்பனை (பாமாயில்) ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்ன 2,257 என்ற எண்ணை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கையில் வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஆலையில் வெட்டி வந்த செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் அவிப்போம். பெரிய உருளைக்குள் கூண்டோடு தள்ளிக் கதவை மூடி, 3 பார் அழுத்தம், 140 டிகிரி அளவில், ஒன்றரை மணி நேரம். அவித்தால்தான் பழம் குலையைவிட்டு லேசாக உதிரும், எண்ணெயைப் புளிக்க வைக்கிற நொதியும் செத்துப்போகும். பாய்லருக்கு எரிக்கிறது பழத்தின் நாரும் ஓடும்தான், வெளியிலிருந்து எண்ணெய் வாங்க வேண்டியதே இல்லை. ஏன் சுடுகாற்றை விடாமல் நீராவியை விடுகிறோம் என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். நீராவி குலையைத் தொட்டதும் தண்ணீராகிறது, அது ஆவியானபோது வாங்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடுகிறது. சுடுகாற்றால் அப்படிக் கொடுக்க முடியாது.

அதனால்தான் நீராவிக் காயம் பொல்லாதது. கொதிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு கையில் பட்டால் சுடும். அதே எடை நீராவி தோலில் பட்டுத் தண்ணீரானால் ஏறக்குறைய பத்து மடங்கு சூட்டை இறக்கும். 1989-இல் ஒரு வால்வின் ஓரத்தில் கசிவதைக் கவனிக்காமல் மணிக்கட்டைக் கொண்டுபோய்விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது, அதைத்தான் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். நாம் நீராவி என்று காட்டுகிற வெள்ளைப் புகை நீராவி இல்லை, அது ஏற்கனவே குளிர்ந்து பொடிச் சொட்டாகிவிட்ட தண்ணீர். உண்மையான நீராவிக்கு நிறம் கிடையாது. கெட்டில் மூக்கைக் கவனியுங்கள், மூக்கை ஒட்டி ஒரு விரலளவு வெறுமையாகத் தெரியும், அப்புறம்தான் வெள்ளை ஆரம்பிக்கும். அந்த வெறுமையான இடம்தான் ஆபத்து. அன்னதான அண்டாவைத் திறக்கும்போது மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

லயத்துப்_பிள்ளை எழுதியது:

ஏர்கோன் அண்ணே, வீட்டில் சொல்லிவிட்டேன், இனிமேல் கவிழ்க்க மாட்டோம். பாட்டிதான் நம்ப மறுத்தார், லோங்காங் விஷயத்தைச் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டார்.

எனக்கும் ஒரு கேள்வி. அம்மா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர். மங்கில் (பால் பிடிக்கிற கிண்ணத்தில்) பால் தண்ணியாக வடிகிறது, அசிட் ஊற்றினால் கட்டியாகிவிடுகிறது, ஊற்றாமல் விட்டாலும் மறுநாள் கட்டிப்பாலாகக் கிடக்கிறது. திரவம் திடமாகிறது, அப்படியென்றால் இதுவும் உறைதல்தானே? ஆனால் வெயிலில் போட்டால் மறுபடி பாலாக மாட்டேன் என்கிறதே?

அறிவியல்_டீச்சர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி, உங்கள் கடைசி வரியிலேயே பதிலும் இருக்கிறது. ஐஸை வெயிலில் வைத்தால் அதே தண்ணீர், அந்தத் தண்ணீரைக் குளிர வைத்தால் அதே ஐஸ். நிலை மாறும், பொருள் மாறாது, போன வழியே திரும்பி வரலாம். கட்டிப்பால் திரும்பி வராது, ஏனென்றால் அங்கே நடந்தது வேறு.

மங்கில் இருக்கிற பால் தனி ஒரு திரவம் இல்லை. பெரும்பகுதி தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் மணிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன மெல்லிய உறை, எல்லா உறைக்கும் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் இருப்பதால் மணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் இருக்கின்றன. ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த மின்னேற்றம் அடங்கிவிடும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். அமிலம் ஊற்றாமல் விட்டால் கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று தாங்களே அமிலம் உண்டாக்குகின்றன, அந்த மறுநாள் நாற்றம் அதுதான். சூட்டுக்கும் குளிருக்கும் இதில் வேலையே இல்லை. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதற்கு இது பக்கத்துச் சொந்தம். பனிக்கட்டிக்கு இது சொந்தமே இல்லை, தமிழில் இரண்டையும் உறைதல் என்று ஒரே சொல்லால் சொல்வதால் குழம்பிவிடுகிறோம்.

உங்களுக்குக் கோலகங்சார் பக்கம்தானே? அங்கே 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது இந்தக் கேள்வியைத்தான் ஒரு பிள்ளை மரத்தடியில் கேட்டாள்.

பாய்லர்_பழனி எழுதியது:

டீச்சர், செம்பனை எண்ணெயையும் சேர்த்துச் சொல்லுங்கள், கடையில் வாங்கின எண்ணெய் குளிரில் பாதி வெள்ளையாகப் படிந்து பாதி தெளிவாக நிற்கிறதே. கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடுகிறார்கள்.

அறிவியல்_டீச்சர் எழுதியது:

கொட்ட வேண்டாம் ஐயா. எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை, ஒவ்வொன்றும் உறைகிற வெப்பநிலை வேறு வேறு. தண்ணீருக்கு மாதிரி ஒரே புள்ளி கிடையாது, சீக்கிரம் உறைகிறது முதலில் படியும், மற்றது தெளிவாக நிற்கும். லேசாகச் சூடு காட்டினால் பழையபடி ஆகிவிடும், இது உண்மையான உறைதல்தான். ஆலையிலேயே குளிரவைத்து வடிகட்டிக் கெட்டியைத் தனியாகவும் திரவத்தைத் தனியாகவும் பிரிப்பதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

அடுப்படி_சுங்கைசிப்புட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேட்டது ஒன்று, கிடைத்தது இவ்வளவு. ஏர்கோன் தம்பி, இப்போது 600 பேர் சமையலுக்கு வழி சொல்லுங்கள். சுடுதண்ணீர் ஊற்றலாமா? ஒருவர் தோங்கைச் சுற்றிச் சாக்கு கட்டச் சொல்கிறார்.

ஏர்கோன்_ஈப்போ எழுதியது:

சாக்கு கட்டவே கட்டாதீர்கள், உங்களுக்கு வேண்டியது வெளிச்சூடு உள்ளே போவது, சாக்கு அதைத்தான் தடுக்கும். சுடுதண்ணீர், தீ, இரண்டும் கூடவே கூடாது, உள்ளே அழுத்தம் எகிறிவிடும்.

சரியான வழி ஒன்றுதான், கேஸ் வேலை தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து மூன்று, நான்கு தோங்கை ஒரே குழாயில் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். நான்கும் பங்கு போட்டுக் கொதித்தால் ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்கு குளிர்தான். இரும்புப் பரப்பும் நான்கு மடங்கு, காற்று ஈடுகொடுத்துவிடும். தோங்குகளை ஒட்டி ஒட்டி அடுக்காமல் இடைவெளி விட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்தும் லோங்காங்கிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். சிலர் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் தோங்கை நிறுத்துவார்கள். காற்றைவிடத் தண்ணீர் வேகமாகச் சூடு கொடுக்கும் என்பது சரிதான், ஆனால் அடிப்பாகம் துருப்பிடிக்கும், அதைப் பழக்கமாக்க வேண்டாம்.

இன்னொன்று, தளும்புகிற சத்தத்தை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். வெறுந்தோங்கின் எடை அதிலேயே பொறித்திருக்கும். தராசில் வைத்துக் கழித்துப் பார்த்தால் கிராம் சுத்தமாகத் தெரிந்துவிடும். சமையல் நடக்கும்போதென்றால் வியர்வைக் கோட்டைப் பாருங்கள், திரவம் நிற்கிற உயரம் வரைதான் அது வியர்க்கும், அதற்கு மேலே காய்ந்திருக்கும்.

அடுப்படி_சுங்கைசிப்புட் எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று 600 பேர் சமையல் முடிந்தது. நான்கு தோங் சேர்த்து மாட்டினோம், முதல் உலையிலிருந்து கடைசிப் பாயாசம் வரை தீ ஒரே நிலையில் நின்றது. நான்கும் லேசாக வியர்த்தன, பனி ஒன்றிலும் இல்லை. உலை கொதித்ததும் தீயைத் தணித்தேன், டீச்சர் சொன்னது சரி, சோறு அதே நேரத்தில்தான் வெந்தது.

தோங் இறக்கியது அதே தம்பிதான். போன வாரமே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நேற்று விடியற்காலை இருந்து உதவியும் செய்தான். ஆறு மணி வாக்கில் கூப்பிட்டு ஒரு தோங்கைக் காட்டினேன், பாதி உயரத்தில் ஈரம் நேர்க்கோடாக நின்றது, அதற்கு மேலே பெயிண்ட் காய்ந்து கிடந்தது. கோட்டில் விரலை வைத்து, "அண்ணே, இத்தனை வருஷமா தூக்குறேன், இதைக் கவனிச்சதே இல்ல" என்றான். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கோடு நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது.